கயிறு கட்டாத எழுத்து

எங்கள் டீம் தோற்பது எங்களுக்குப் பழகிப்போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. தோற்பதில் என்ன இருக்கிறது, பந்து என்றால் உருளத்தான் செய்யும். ஒரு நாள் அந்தப் பக்கம், ஒரு நாள் இந்தப் பக்கம். ஆனால் டீமை விலைக்கு வாங்கியவனே அது தோற்றால் எனக்கென்ன என்று உட்கார்ந்திருந்தால் யாரிடம் போய் அழுவது? வேலியே பயிரை மேய்கிற கதைதான்.

அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் கான்க்ரீட். ஊரில் பாதிக் கட்டடம் அவன் கட்டியது. மைதானத்தின் மேல் கண் வைத்துத்தான் டீமை வாங்கினான் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். பச்சைச் சட்டையை ஊதாவாக்கினான். எங்களுக்காக கோல் போட்டுக்கொண்டிருந்த ஒரே ஆளை, நாங்கள் குதிரை என்று கூப்பிட்டவனை, சீசன் நடுவில் விற்றான். மேட்ச்சுக்கு வந்தால் கறுப்புக் கண்ணாடிக் காரிலேயே இருந்துவிட்டு இடைவேளையில் கிளம்பிவிடுவான். அவன் முகத்தை நான் நேரில் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன்.

நான் மைதானத்தின் பின்வாசலுக்கு எதிரே பூட்ஸ் தைக்கிற கடை வைத்திருப்பவன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் கடைக்கு வந்து, கான்க்ரீட்டைத் திட்டாமல் பூட்ஸ் வாங்கிக்கொண்டு போன ஆள் கிடையாது. திட்டாத ஒரே மனுஷன் நேர்கோடு.

நேர்கோடுதான் மைதானத்துப் புல்லைப் பார்த்துக்கொண்டவர். கிழக்கு ஸ்டாண்டுக்குப் பின்னால், மதில் சுவரோடு ஒட்டி இரண்டு அறை வீடு. கிளப் கொடுத்தது. வேலை இருக்கும் வரை வீடு. இருபத்திரண்டு வருஷமாக அதில்தான் இருந்தார். மேட்ச் அன்று விடியற்காலையில் இரண்டு முளைக்குச்சியையும் ஒரு கயிற்றுச் சுருளையும் எடுத்துக்கொண்டு இறங்குவார். இந்த மூலையில் ஒரு முளை, அந்த மூலையில் ஒரு முளை, நடுவில் கயிறு. கயிறு விறைத்து நிற்கிறதா என்று விரலால் ஒரு சுண்டு சுண்டுவார். அப்புறம் மண்டிபோட்டு ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் சுண்ணாம்புத் தூள் வண்டியைத் தள்ளுவது. கயிறு கட்டாமல் ஒரு அடி கோடுகூட அவர் போட்டு நான் பார்த்ததில்லை.

"இந்த மனுஷன் தலையில வகிடு எடுக்கிறதுக்கும் கயிறு கட்டுவாரு" என்று அவர் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவளை நாங்கள் டீ அக்கா என்போம். கிழக்கு ஸ்டாண்டுக்கு அடியில் பதினாலு வருஷம் டீ போட்டவள். இடைவேளை விசில் அடித்த பத்து நிமிஷத்தில் முந்நூறு டம்ளர் ஊற்றுகிற கை அது. கான்க்ரீட் வந்த இரண்டாவது மாசம் அந்த இடத்தை ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டான். இப்போது அங்கே மிஷினில் பட்டனைத் தட்டினால் வெந்நீர் மாதிரி ஒன்று வருகிறது. பாய்லரைத் துடைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்த அன்றைக்கு டீ அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளிலிருந்து நிறுத்தவே இல்லை.

வீட்டில் மூன்றாவது ஆள் அவள் தம்பி. பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிறவன். கிழக்கு ஸ்டாண்டில் முன்வரிசையில் நின்று அவன் ஒரு குரல் கொடுத்தால் நாலாயிரம் பேர் திருப்பிக் கொடுப்பார்கள். அதனால் அவன் பெயர் தொண்டை. அக்காவும் தம்பியும் சேர்ந்து கான்க்ரீட்டைத் திட்ட ஆரம்பித்தால், நேர்கோடு எழுந்து வெளியே போய்க் குழாயடியில் உட்கார்ந்து கத்தரிக்கோலைத் தீட்டுவார்.

"நீங்க ஏன் மாமா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறீங்க?" என்று தொண்டை ஒரு நாள் கேட்டான்.

"புல்லுக்கு ஓனர் யாருன்னு தெரியாது மாப்ளே. தண்ணி ஊத்தினா வளரும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"அந்தத் தண்ணியையும்தான் பாதியாக் குறைச்சுட்டானே!"

"பாதி வருதில்ல" என்றார் அவர்.

இந்த மாதிரி ஆளை என்ன செய்வது? எனக்கே சில சமயம் எரிச்சல் வரும்.

சீசன் முடிய இரண்டு மேட்ச் இருந்தது. இரண்டும் எங்கள் மைதானத்தில்தான். இரண்டில் ஒன்றாவது ஜெயிக்காவிட்டால் கீழ் டிவிஷனுக்குப் போய்விடுவோம். சனிக்கிழமை மேட்ச்சை டீவியில் காட்டுகிறார்கள் என்று தெரிந்ததும் தொண்டைக்கு மண்டையில் ஒன்று உதித்தது. மைதானத்து நடுவில் சுண்ணாம்பால் பெரிதாக எழுதிவிட வேண்டும். விட்டுப் போ. அவ்வளவுதான். கான்க்ரீட் காருக்குள் இருந்தாலும், வீட்டுக்குள் இருந்தாலும், டீவியில் பார்த்தே தீர வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நேர்கோடு புல்வெட்டும் மிஷினின் பிளேடைச் சாணை பிடிக்க பஸ் ஏறிப் போயிருந்தார். நான் அவர்கள் வீட்டு வாசலில் டீயோடு உட்கார்ந்திருந்தேன். வானம் மூட்டமாக இருந்தது. தொண்டையும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் வந்தார்கள்.

"அக்கா, ஷெட்டுச் சாவி குடு."

"எதுக்குடா?"

அவன் சொன்னான். டீ அக்காவின் முகத்தில் நாலு வருஷமாக இல்லாத ஒரு சந்தோஷம் வந்தது.

"மாமா வந்து பார்த்தா கத்துவாருடா."

"சுண்ணாம்புதானேக்கா? மேட்ச் முடிஞ்சதும் ஒரு பைப் தண்ணி அடிச்சா போச்சு. நானே கழுவிக் குடுத்துடறேன். விடியற்காலையில அவரு பார்த்தாலும் அழிக்க முடியாது, குழாயில தண்ணி சாயங்காலம்தானே வரும்."

"கேமரா?"

"ரெண்டு வருஷமா ரிப்பேர். கஞ்சப்பய மாத்தியிருந்தாத்தானே!"

டீ அக்கா என்னைப் பார்த்தாள். "நீங்க என்ன அண்ணே சொல்றீங்க?"

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் நீளம் என்று பெருமை பேசுகிறவன் அன்றைக்கு என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லாப் பெரிசா எழுதுங்கடா" என்றேன்.

சமையலறை ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். "கதவோரம் சுண்ணாம்பு மூட்டை இருக்கு பாரு." நாலு பேரும் ஷெட்டுக்குள் போய் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கால் மணி நேரத்தில் வேலையை முடித்து, மீதியைப் பழையபடி கதவோரம் வைத்துவிட்டுத் திரும்பினார்கள். தொண்டையின் கையெல்லாம் வெள்ளை. "தூள் ஒரே கட்டியா இருக்குக்கா, சீனி மாதிரி நறநறங்குது. இதுலயும் மட்டமான சரக்கு வாங்கியிருக்கான் பாரு" என்று கையைக் கழுவினான். இருட்டும்போது தூறல் போட்டது. பெரிய மழை இல்லை, புல்லை நனைக்கிற அளவுக்குத்தான்.

சனிக்கிழமை ஸ்டாண்டில் ஏறிப் பார்த்தால் மைதானத்தில் ஒன்றும் இல்லை. பச்சையாக, சுத்தமாக, நேர்கோட்டின் நேரான கோடுகளோடு கிடக்கிறது. தொண்டை இன்னும் நாலு படி தாவி ஏறிப் பார்த்தான். "தூறல்ல கரைஞ்சு போச்சுண்ணே" என்றான். கூட்டாளிகள் அவனை ஓட்டு ஓட்டு என்று ஓட்டினார்கள். மூன்று கோல் வாங்கினோம். கான்க்ரீட்டின் கார் வழக்கம்போல் இடைவேளையில் போய்விட்டது. ஞாயிறும் திங்களும் வெயில் கொளுத்தியது.

செவ்வாய்க்கிழமை காலையில் எனக்குக் கடை திறக்கிற நேரம். டீ அக்கா ஓடிவந்தாள், செருப்புகூட இல்லை. "அண்ணே, அவரு நடு கிரவுண்டுல உக்காந்துட்டாரு. கூப்பிட்டா எழுந்திரிக்க மாட்டேங்கறாரு. வாங்க."

போய்ப் பார்த்தேன். கீழே நின்று பார்த்தால் அங்கங்கே மஞ்சளாக, பழுப்பாகப் புல் கருகியிருந்தது. ஸ்டாண்டில் நாலு படி ஏறித் திரும்பினேன். விட்டுப் போ. ஆளுயரத்துக்கு ஒவ்வொரு எழுத்தும் தீய்ந்து கிடந்தது.

நேர்கோடு ஒரு கொத்துப் புல்லைப் பிடுங்கி மோந்து பார்த்தார். அப்புறம் எழுந்து ஷெட்டுக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்தார்.

"கதவோரம் இருந்த மூட்டையை யார் எடுத்தது?"

டீ அக்கா தலையைத் தூக்கவில்லை. "சுண்ணாம்பு மூட்டைதானே..."

"சுண்ணாம்புன்னு உனக்கு யார் சொன்னா?"

"சாக்கு மேலயே போட்டிருக்கே!"

"சாக்குதான் சுண்ணாம்புச் சாக்கு. உள்ள யூரியா. கூரை ஒழுகி யூரியாப் பை நைஞ்சு போச்சு, பழைய சாக்குல மாத்தி வெச்சிருக்கேன், தொடாதேன்னு சொன்னேனா இல்லையா? இதே இடத்துல நின்னு சொன்னேன். நீ துணி மடிச்சுக்கிட்டிருந்தே."

அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அந்தக் கூரையை மாற்றச் சொல்லி அவர் எத்தனை தடவை எழுதிக் கொடுத்தார் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வாயெடுத்தேன். இதில் கான்க்ரீட்டைத் திட்டி என்ன ஆகப்போகிறது என்று சும்மா இருந்துவிட்டேன்.

"யூரியாவை இப்படிக் கொட்டினா எரிக்காம என்ன செய்யும்?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

உரத்தைக் கழுவி மண்ணுக்குள் இறக்கினால் வேராவது பிழைக்கும். மைதானத்துக் குழாயில் தண்ணீர் சாயங்காலம்தான் வரும், அதுவும் பாதி. வீட்டுக் குழாயில் பிடித்துப் பிடித்துச் சுமந்தார். டீ அக்கா தண்ணீர் எடுக்கப் பழைய பாய்லரையே கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தாள். நானும் கடையைச் சாத்திவிட்டு இரண்டு வாளி தூக்கினேன். டிப்போவிலிருந்து சேதி கேட்டு ஓடிவந்த தொண்டை, கையில் டயர்க் கரியோடு அப்படியே சேர்ந்துகொண்டான். 'வி'யில் ஆரம்பித்து 'போ' வரைக்கும் ஊற்றி முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. பக்கத்தில் நின்று பார்த்தால் அது எழுத்தே இல்லை, புண்தான்.

மத்தியானம் லீக்கிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டு, கடைசி மேட்ச் இங்கே நடக்காது, எதிர் டீம் மைதானத்தில்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கிளப் மேனேஜர் நேர்கோட்டைக் கூப்பிட்டு அனுப்பினார். சாயங்காலம் ஐந்து மணிக்குள் யார் செய்தது என்று பெயர் சொல்ல வேண்டும். வெளியாள் என்றால் போலீஸ். பெயர் சொல்லாவிட்டால் வேலையும் இல்லை, வீடும் இல்லை.

வீட்டுக்குள் நாங்கள் நாலு பேர்.

"நான் போய் ஒத்துக்கறேன் மாமா" என்றான் தொண்டை.

"ஒத்துக்கிட்டு?"

"உள்ள போறேன். என்ன இப்போ?"

"டிப்போவில நிரந்தரம் ஆக இன்னும் எத்தனை மாசம்?"

"நாலு."

"போலீஸ் கேசு ஆனா?"

அவன் டயர்க் கரிக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். முகமெல்லாம் கரியானது.

டீ அக்கா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "நான் என்னத்தைச் சொல்ல? இந்தப் பக்கம் பார்த்தா புருஷன், அந்தப் பக்கம் பார்த்தா கூடப் பொறந்தவன். சாவியைக் குடுத்தவ நான். என் பேரைச் சொல்லிடுங்க. டீக்கடை போன ஆத்திரத்துல நான்தான் செஞ்சேன்னு சொல்லுங்க. உள்ள போட்டா போடட்டும்."

"பேசாம இரு" என்றார் நேர்கோடு.

"பேசாம இருந்து இருந்துதான் இங்க வந்து நிக்கறோம்! நாலு வருஷமா நீங்க வாயைத் திறந்திருந்தா..."

"திறந்திருந்தா என்ன? புல்லு எரிஞ்சிருக்காதா?"

அவள் அழ ஆரம்பித்தாள். அவர் எழுந்து சட்டையை மாற்றினார். முன்பெல்லாம் மேட்ச் அன்று மட்டும் போட்ட பழைய பச்சைச் சட்டை. கான்க்ரீட் வந்த பிறகு அதை அவர் போட்டு நான் பார்த்ததில்லை. என் கையில் ஆபீஸில் கொடுக்க வேண்டிய நாலு ஜோடி பூட்ஸ் இருந்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன்.

மேனேஜர் மேஜை மேல் மைதானத்தின் போட்டோ இருந்தது, மேலேயிருந்து எடுத்தது.

"சொல்லு. யாரு?"

"நான்தான் சார்."

என் கையிலிருந்து ஒரு பூட்ஸ் விழுந்துவிட்டது.

"நீயா?"

"ஆமா சார். நான்தான் எழுதினேன்."

மேனேஜர் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பதினோரு வருஷமாக இதே ஆபீஸில் இருப்பவர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன், சம்பளம் வாங்குகிறவர். போட்டோவை நேர்கோட்டின் பக்கம் திருப்பினார்.

"இதை நீ போட்டியா? நல்லாப் பாரு. ஒரு எழுத்து மேல போகுது, ஒண்ணு கீழ போகுது. இருபத்திரண்டு வருஷத்துல உன் கை ஒரு கோட்டைக் கோணலாப் போட்டு யாராவது பார்த்திருக்காங்களா?"

நேர்கோடு போட்டோவைப் பார்க்கவில்லை. மேஜையின் விளிம்பைப் பார்த்தார்.

"அவசரத்துல போட்டேன் சார்."

"அவசரத்துல."

"ஆமா சார். கயிறு கட்டலை."

மேனேஜர் பெருமூச்சு விட்டார். ஒரு பெயர் கிடைத்தால் போதும் அவருக்கு. காகிதத்தை எடுத்து எழுதினார், நேர்கோடு கையெழுத்துப் போட்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள வீட்டைக் காலி பண்ணிடு" என்றார் மேனேஜர். பிறகு கதவு வரை வந்து, மெதுவாக, "உன் மச்சினனை நல்லா வெச்சுக்கோ" என்றார்.

வெளியே வந்தால் வாசலில் ஐம்பது அறுபது பேர். சேதி அதற்குள் எப்படிப் போனதோ, ஆபீஸ் பியூன்தான் ஊதியிருக்க வேண்டும். "நேர்கோடு அண்ணன்!" என்று கத்தினார்கள். "வாயே திறக்காத மனுஷன், எழுதியே காட்டிட்டாரு பாரு!" என்றார் ஒருவர். இரண்டு பேர் அவரைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். அவர் கையை உதறிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்தார். அடக்கம் என்று நினைத்து இன்னும் பலமாகக் கத்தினார்கள். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற தொண்டை மட்டும் கத்தவில்லை.

கடைசி மேட்ச்சில் எதிர் மைதானத்தில் இரண்டு கோல் வாங்கினோம். கீழ் டிவிஷனுக்கு இறங்கினோம். கான்க்ரீட் எங்கேயும் போகவில்லை. "விட்டுப் போன்னு எழுதினீங்க. விட்டுப் போனது யாரு?" என்று டீ அக்கா தம்பியிடம் ஒரே ஒரு தடவை கேட்டாள். அதற்கப்புறம் கேட்கவில்லை.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு அறை வாடகைக்குப் பிடித்தார்கள். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். நேர்கோட்டுக்கு எங்கேயும் வேலை கிடைக்கவில்லை. புல்லை எரித்த ஆளிடம் எவன் புல்லைக் கொடுப்பான்? அவரைப் பாராட்டுகிறவர்களும் வீட்டுத் தோட்டத்துக்குக் கூப்பிடவில்லை. பகலில் என் கடையில் உட்கார்ந்து நூலுக்கு மெழுகு தேய்த்துக் கொடுப்பார். பூட்ஸ் வாங்க வருகிறவர்கள் அவர் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். "இந்தக் கைதானே அண்ணே!" என்பார்கள். அவர் கையை மெதுவாக இழுத்துக்கொள்வார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வரும். தொண்டைக்கு நிரந்தரமாகிற வரைக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நிரந்தரமும் ஆனது. அதற்குப் பிறகு சொல்லி என்ன பிரயோஜனம்?

அடுத்த சீசன் முதல் மேட்ச்சுக்குத் தொண்டை வந்து நின்றான். "மாமா, வாங்க. ஒரு தடவை. உங்களுக்காக எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

"நான் வரலை மாப்ளே."

"புல்லு பிழைச்சிடுச்சு மாமா. வந்து பாருங்க."

அதற்குத்தான் எழுந்தார். எனக்குத் தெரிந்து அவர் மைதானத்தை மேலேயிருந்து பார்த்ததே கிடையாது. மேட்ச் நாளில் அவருடைய இடம் கீழே, கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். படிகளில் மூச்சு வாங்க ஏறினார். டீ அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசி வரிசையில் போய்த் திரும்பினோம்.

புல் பிழைத்துத்தான் இருந்தது. ஆனால் யூரியா உண்ட இடம் மற்ற இடத்தைவிடக் கரும்பச்சையாக, அடர்த்தியாக எழுந்திருந்தது. புது ஆள் எத்தனை தடவை வெட்டினாலும் தெரியத்தான் செய்யும். விட்டுப் போ. சுண்ணாம்பால் எழுதியிருந்தால் ஒரு நாளில் போயிருக்கும். இது பச்சையிலேயே எழுதிக் கிடந்தது. கூட்டம் எழுந்து நின்று எங்கள் பக்கம் திரும்பியது. நேர்கோடு, நேர்கோடு என்று ஸ்டாண்டே அதிர்ந்தது.

தொண்டையின் கண்ணில் தண்ணீர். "நல்லாத் தெரியுதா மாமா?"

அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கோடு போடுகிற நாளில் மண்டிபோட்டுப் பார்க்கிற அதே பார்வை.

"'ட்டு' மேல தூக்கிக்கிட்டு நிக்குது. 'போ' சரிஞ்சு கிடக்கு" என்றார். "முளை ரெண்டும் ஷெட்டுலதானே இருந்துச்சு மாப்ளே. கயிறும் அங்கேயேதான் தொங்குச்சு."

தொண்டை கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இதை நான் போட்டேன்னு நெனச்சுல்ல கத்துறாங்க" என்றார் நேர்கோடு.

ஆறாவது நிமிஷத்தில் முதல் கோல் வாங்கினோம். அவர் அதைப் பார்க்கவில்லை.